யாரோ வீட்டு அந்தியேட்டியில் என் கணவர்

போன சனிக்கிழமை ரொறன்ரோவில் ஓர் அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. இறந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோது பார்த்ததில்லை, பெயரைக் கேள்விப்பட்டதும் இல்லை. படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டபோதுதான் முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

தெரியாத ஆளுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். என் கணவரைப் பார்க்கப் போனேன்.

பயப்படாதீர்கள், படத்தில் இருந்தவர் அவர் இல்லை. அவர் ஆண்கள் பக்கத்து மேசையில் இருந்தார்.

இந்தப் பத்தியை நாலு வருஷமாக விடாமல் வாசிக்கிறவர்களிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பல்கனியில் ஸ்னோ அள்ளியது, டெப்பனர் கடையில் பால் வாங்கப் போய் வழுக்கி விழுந்தது, மேல்வீட்டுக்காரியின் நாய்… எதை எழுதினாலும் ‘நாங்கள்’, ‘எங்கள் வீட்டில்’ என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இரண்டு வருஷமாக அது பொய். இங்கே மொன்றியல் வீட்டில் நான் மட்டும்தான். கணவர் ரொறன்ரோவில். சண்டை இல்லை, பிரிவும் இல்லை. வேலைதான்.

அவர் ஷபனெல் தெருவில் ஒரு தைப்புத் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் துணி வெட்டினார். கட்டர் என்றால் அந்தத் தெருவில் ஒரு மதிப்பு. ஒரு நாள் முதலாளி மெஷின்களை ஏற்றிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தெருவில் இப்போது பூட்டாத கதவு எது? நாற்பத்திரண்டு வயதில், போன்ஜூர், மெர்சி என்ற இரண்டு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் மொன்றியலில் என்ன வேலை தேடுவார்? எட்டு மாதம் தேடினார். பிறகு ரொறன்ரோவில் இருந்த பழைய கூட்டாளி ஒருவர் ஏஜென்சி மூலம் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் போனார். இரண்டு சேர்ட் மட்டும் எடுத்துப் போனார்.

நான் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். பெற்றோர் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். இரண்டு வயதுக்காரர் எட்டுப் பேர் என் பொறுப்பு. பகலில் ஒரு வேலை, இரவில் பிரெஞ்சு வகுப்பு என்று மூன்று வருஷம் மாய்ந்து எடுத்த சான்றிதழ். அதைக் கொண்டுபோய் ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் காட்டினால், முதலிலிருந்து படித்துவிட்டு வா என்கிறார்கள். எனக்கு நிரந்தர வேலை, அவருக்குத் தற்காலிக வேலை. நிரந்தரத்தை யாராவது விடுவார்களா? அப்படி விடாமல் இருந்ததில்தான் மூன்று மாதம் இரண்டு வருஷமாகிவிட்டது.

பிள்ளைகள் இல்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. இதற்கு மேல் நான் என்ன விளக்குவது?

சரி, போய்வரலாம்தானே… எத்தனை பேர் போய்வருகிறார்கள்! நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் பஸ். ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸில் போனால் இரண்டு ஊரிலும் வாடகை கட்ட முடியாது என்பது இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. ரயில் விலையை இன்டர்நெட்டில் ஒருமுறை பார்த்தேன், கொம்பியூட்டரையே நிறுத்திவிட்டேன். எங்கள் பழைய கார் அவரிடம் இருக்கிறது, தொழிற்சாலைப் பக்கம் பஸ் இல்லை என்பதால். அது அவர் இருக்கிற ஸ்காபரோவுக்குள் ஓடும். நெடுஞ்சாலையில் விட்டால் கிங்ஸ்ரனைத் தாண்டாது.

எங்கள் கட்டடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து படிக்கிற பெண் ஒருத்தி, இன்டர்நெட்டில் யாராவது ரைடு போடுவார்கள், பாதிச் செலவுதான் என்று வழிகாட்டினாள். ஒருமுறை போனேன். ஓட்டியவன் ஒரு கையில் பேர்கர், மறு கையில் செல்போன். ஸ்டியரிங்கை எதனால் பிடித்திருந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதையைக் கேட்ட கணவர், அதோடு அந்த வழியை மூடிவிட்டார்.

பிறகுதான் வேறு ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன்…

மொன்றியல் தமிழர் எல்லோருக்கும் ரொறன்ரோவில் உறவு இருக்கிறது. அந்த உறவுக்குள் ஒவ்வொரு சனி ஞாயிறும் ஏதாவது ஒன்று நடக்கிறது. கலியாணம், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, முதலாவது பிறந்தநாள், வீடு குடிபூரல். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ ஒருவரின் கார் மொன்றியலில் இருந்து புறப்படுகிறது. அதில் ஓர் இடம் காலியாகவும் இருக்கிறது. கேட்டால் முகம் சுளிக்காமல் ஏற்றுவார்கள். காசு நீட்டினால் கோபம் வரும். எங்கள் ஆட்களின் நல்ல குணம் அது. உண்மையாகவே சொல்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். காரில் போனால் அந்த வைபவத்துக்கும் போக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். இரண்டாவது முறையே, ஒரு கலியாணத்துக்குப் போன குடும்பத்திடம், என்னைக் கணவரின் வீட்டடியில் இறக்கிவிடுங்கள் என்று கேட்டுவிட்டேன். இறக்கிவிட்டார்கள். அடுத்த கிழமைக்குள் ஊர் முழுக்கக் கதை. ‘புருசனைப் பாக்கிறதுக்குத்தான் எங்கட காரிலை வந்தவ.’ ஏதோ கள்ளக் காதலனைப் பார்க்கப் போனதுபோல! ஆறு கிழமை எனக்கு ஒருவர் காரிலும் இடம் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு உதவி செய்வதில் கஷ்டமே இல்லை. உதவி எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்துவிடுவதில்தான் கஷ்டம்.

அன்றிலிருந்து ஒழுங்காகச் சீலை கட்டி, என்வலப்பும் கையுமாகப் போகத் தொடங்கினேன். கணவரும் இருக்கிற ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வைபவம் நடக்கிற ஹோலுக்கு வந்துவிடுவார். அவர் ஆண்கள் மேசையில், நான் பெண்கள் மேசையில். நடுவில் யாரோ ஒரு மாப்பிள்ளை, பொம்பிளை. சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நிற்கலாம். அங்கேதான் எங்கள் குடும்ப விஷயங்களைப் பேசுவோம். கரண்ட் பில் வந்ததா, பல்லுக்கொதி எப்படி, அம்மாவுக்குக் காசு அனுப்பியாயிற்றா… பின்னால் நிற்பவர் சோறு போடச் சொல்லும்வரை நேரம் இருக்கும்.

ஏன், இரவு தங்கலாமே என்பீர்கள். எங்கே? அவர் இருப்பது ஒரு பேஸ்மென்ற் அறை. மூன்று ஆண்கள். இரவு நிற்கிற வைபவம் என்றால் என்னைக் கூட்டிப்போனவர்களின் உறவினர் வீட்டில், பெண்களோடு பெண்ணாக நிலத்தில் படுப்பேன். அவர் பேஸ்மென்றுக்குத் திரும்பிப் போவார். ஒரேயொருமுறை, எங்கள் கலியாண நாளுக்கு மோட்டல் எடுத்தோம். அந்த மாதம் முழுக்க ஆளுக்கொரு ஊரில் பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.

இரண்டு வருஷத்தில் இருபது இருபத்தைந்து குடும்பங்களின் போட்டோ அல்பத்தில் நாங்கள் இருக்கிறோம். என்றைக்காவது யாராவது புரட்டிப் பார்த்து, இவர்கள் யாரென்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஒரு சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க ஒரு சுமங்கலி குறைந்துவிட்டது. ஓர் அம்மா என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார். ‘வாரும் பிள்ளை, புருசனோடை நல்லா வாழுற ஆள்தானே’ என்றார். நானும் போய் எடுத்தேன். தட்டில் திரி அணையாமல் பார்த்துக்கொண்டேன். கீழே கணவர் வேறு யாருடைய குழந்தையையோ தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் மார்கழி என்று ஒரு மாதம் இருக்கிறதே! மார்கழியில் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் எதுவும் செய்வதில்லை. கலியாணம் இல்லை, சாமத்தியவீடு இல்லை, குடிபூரல் இல்லை. ஒரு மாதத்துக்கு ஒருவர் காரும் புறப்படாது. போன வருஷம் மார்கழியில் ஒரு நாள்கூட நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். மார்கழியில் கலியாணம்தானே இல்லை, மரணத்துக்கு மாதம் ஏது?

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தமிழ்ப் பேப்பர் வந்தவுடன் நான் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கத்தை. நீங்களும் பார்ப்பீர்கள், தெரிந்தவர்கள் யாரும் போய்விட்டார்களா என்று. நான் அதற்காகப் பார்ப்பதில்லை. எங்கள் அறிவித்தல்களில் உறவினர் பெயருக்குப் பக்கத்தில் ஊர் போடுவார்களே… இன்னார் லண்டன், இன்னார் பாரிஸ், இன்னார் சுவிஸ் என்று. அதில் மொன்றியல் என்று எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். இறந்தவர் ரொறன்ரோ, உறவு மொன்றியல். அப்படி ஒன்று அகப்பட்டால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். சந்தோஷத்தில்தான். இறந்தவரின் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

மார்கழி பிறக்க முன்னமே அப்படி ஒன்று அகப்பட்டது. இறந்தவரின் மைத்துனி என்று பவளக்காவின் பெயர் இருந்தது. பவளக்காவும் அவர் கணவர் குணநாதன் அண்ணையும் மொன்றியல்-நோரில் இருக்கிறார்கள். கோயிலில் பழக்கம். செத்தவீடு புதன்கிழமை, எனக்கு வேலை. நான் கலண்டரை எடுத்து, இறந்த நாளிலிருந்து முப்பத்தொரு நாளை எண்ணினேன். சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

அதற்குப் பிறகுதான் துக்கம் விசாரிக்கப் போன் எடுத்தேன். பவளக்கா அரை மணிநேரம் அழுதார். அத்தான் தன்னைச் சின்ன வயதில் சைக்கிளில் பள்ளிக்கூடம் ஏற்றிப்போனது, தனக்குச் சீதனம் சேர்த்துத் தந்தது எல்லாவற்றையும் சொன்னார். நான் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் விரல் அந்தச் சனிக்கிழமையின் மேல் இருந்தது. கடைசியில் அவராகவே, அந்தியேட்டிக்கு வாறீரோ, காரிலை இடம் இருக்கு என்றார். கேட்க வேணுமே அக்கா என்றேன்.

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் இருந்து அழுதேன். அத்தானுக்காக அல்ல. ஒரு மனிதனுடைய சாவை ஆவலோடு எண்ணிப் பார்க்கிற அளவுக்கு எங்கள் குடும்ப வாழ்க்கை வந்துவிட்டதே என்றுதான் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை பிறகு எனக்கு ஏன் இன்னும் அவசியமாகிவிட்டது? கிறிஸ்மஸ் முடிந்ததும் கணவர் ஒரு செய்தி சொன்னார். பாண் தொழிற்சாலையில் அவரை நிரந்தரமாக எடுக்கிறார்களாம். ஏஜென்சி இனி இல்லை. அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், இவருடைய வேலையும் முடிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். கையெழுத்து வைத்தால் அவரும் நிரந்தரம், நானும் நிரந்தரம். இரண்டு ஊரில் இரண்டு நிரந்தரம். நிரந்தரத்தை யாரும் விடமாட்டார்கள் என்று மேலே எழுதினேனே… பிறகு இந்தப் பிரிவும் நிரந்தரம்தான்.

இதைப் போனில் பேச முடியாது. அவருடைய போன் அந்தப் பேஸ்மென்றின் சமையல் மேடைக்கு மேலே தொங்குகிறது. பக்கத்தில் ஒருவர் எப்போதும் முட்டை பொரித்துக்கொண்டிருப்பார். நாங்கள் போனில் பேசுவதெல்லாம் சாப்பிட்டாயிற்றா, ஸ்னோ கொட்டுகிறதா என்பதுதான். ஆகவே சனிக்கிழமை நேரில் கதைப்பம் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். ஒரு மணிநேரம் போதும். கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருஷமானவர்களுக்கு ஒரு மணிநேரம் கிடைக்காதா?

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். குணநாதன் அண்ணை ஓட்டினார். பவளக்கா முன் சீற்றில். பின் சீற்றில் நானும், அத்தானுக்கு விருப்பமான பயத்தம் பணியாரம் நிறைந்த தட்டும். படையலுக்கு வைக்கிற பலகாரம், கீழே வைக்கக் கூடாது என்று என் மடியில் தந்துவிட்டார்கள். கோர்ன்வால் தாண்டும்போது ஸ்னோ தொடங்கியது. கார் ஊர்ந்தது. நான் தட்டைப் பிடித்தபடி ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘கையெழுத்து வையாதேங்கோ. மொன்றியலுக்கு வந்திடுங்கோ. பட்டினி கிடந்தாலும் ஒரு வீட்டிலை கிடப்பம்.’

அவ்வளவுதான் வசனம். ஒஷாவா வரும்வரை சொல்லிப் பார்த்தேன். எங்கே குரல் உடையும், எங்கே உடைய விடக் கூடாது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

ஹோலுக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கிரியை காலையில் கோயிலில் முடிந்து, மதியபோசனத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கணவர் முன்னமே வந்திருந்தார். இரவு வேலை முடிந்து, இன்னொருவருக்குப் பதிலாகக் காலையிலும் நாலு மணிநேரம் நின்றுவிட்டு நேரே வந்திருக்கிறார். வெள்ளைச் சேர்ட் மாற்றியிருந்தார். காதுக்குப் பின்னால் மா ஒட்டியிருந்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு பார்க்கிறேன். மெலிந்துபோயிருந்தார்.

உடனே எழும்பிப் போக முடியுமா? தேவாரம் படித்தார்கள். நினைவு மலர் கொடுத்தார்கள். பிறகு அத்தானைப் பற்றிப் பேசினார்கள். மூத்த மகன் பேசினார், கூடப் படித்தவர் பேசினார், பழைய மாணவர் சங்கத்தில் இருந்து ஒருவர் பேசினார், அவர் விட்டதை இன்னொருவர் பேசினார். அத்தான் அவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்ததை அவருடைய ஆத்மா மன்னிக்கட்டும். சாப்பாடு தொடங்க இரண்டு மணி. அதற்குள் குணநாதன் அண்ணை வந்து, ஸ்னோ கூடப்போகுதாம், மூன்று மணிக்கு வெளிக்கிட வேணும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. வாசலில் சப்பாத்துக் குவியலுக்குப் பக்கத்தில் சந்தித்து, பாக்கிங்கில் நின்ற எங்கள் பழைய காருக்குள் போய் ஏறினோம். மணி இரண்டு பத்து. ஐம்பது நிமிஷம்! எங்களுக்கு அது பெரிய நேரம்.

கார் குளிர்ந்துபோய்க் கிடந்தது. ஹீற்றரைப் போட்டார். கண்ணாடியெல்லாம் ஸ்னோ மூடி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல அறை அதுதான். அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

‘கண் எரியுது… ரெண்டு நிமிசம் மூடிப்போட்டுக் கதைக்கிறன்’ என்றார்.

சரி, மூடுங்கோ என்றேன்.

சீற்றைப் பின்னால் சாய்த்தார். ஹீற்றர் சூடு வரத் தொடங்கியது. இரண்டு நிமிஷத்தில் மூச்சு மாறிவிட்டது. நித்திரை.

ஐந்து நிமிஷம் பொறுத்து எழுப்புவோம் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் பொறுத்து என்று நினைத்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, சின்னக் குறட்டையோடு நித்திரை. என் கையை மட்டும் விடவில்லை. விரலில் சூட்டுத் தழும்புகள் இருந்தன. பாண் தட்டு சுட்டதாக இருக்கும், எனக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால். இந்த மனிதனைத் தட்டியெழுப்பி, வேலையை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது? வந்தால் எங்கே போவார்? திரும்பவும் எட்டு மாதம் ஜன்னலடியில் இருப்பாரா? மணி இரண்டு முப்பத்தைந்து. பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவர் நித்திரை கொள்வதை நான் எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன்! காதுக்குப் பின்னால் இருந்த மாவை மெதுவாகத் தட்டிவிட்டேன். அதற்கும் எழும்பவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பவளக்கா கண்ணாடியில் தட்டினார். கையில் எங்கள் இருவருக்கும் கட்டிய சாப்பாட்டுப் பார்சல். தலையெல்லாம் ஸ்னோ. அந்த மனுசி துக்கத்துக்குள்ளும் நாங்கள் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்திருக்கிறது.

கணவர் திடுக்கிட்டு எழும்பினார். மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘ஏன் எழுப்பேல்லை?’

‘களைச்சுப் போனீங்கள்.’

‘அப்ப… விசயம்?’

கண்ணாடிக்கு வெளியே பவளக்கா நின்றுகொண்டிருந்தார். அப்பால் குணநாதன் அண்ணை காரை ஸ்டார்ட் செய்துவிட்டார். பேந்து போனிலை கதைப்பம் என்றேன். இறங்கிப் போனேன். திரும்பி வரும் வழியெல்லாம் பவளக்கா அத்தானைப் பற்றிக் கதைத்தார். நான் ஓம் அக்கா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றுமுறை போன் எடுத்தேன். முதல்முறை லைன் கிடைக்கவில்லை, அவருடைய அறைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்குக் கதைத்துக்கொண்டிருந்தாராம். இரண்டாம்முறை அவர் நித்திரையாம், எழுப்பட்டோ தங்கச்சி என்று அந்த அறைக்காரர் கேட்டார். வேண்டாம் அண்ணை என்றேன். ஆம், வேண்டாம் என்றுதான் சொன்னேன்! மூன்றாம்முறை அவர் வேலைக்குப் போய்விட்டார். ஏதும் சொல்ல வேணுமோ, சொல்லிவிடுறன் என்றார் அறைக்காரர். பட்டினி கிடந்தாலும் ஒரு வீட்டில் கிடப்போம் என்று முட்டை பொரிக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்லிவிடுவது? ஒன்றுமில்லை அண்ணை என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கார்டெரிக்கே போன் வந்தது. பிள்ளைகள் நித்திரை கொள்கிற நேரம். எட்டுப் பேரும் சின்ன மெத்தைகளில் வரிசையாகக் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ரகசியக் குரலில்தான் பேசுவோம்.

காலையிலேயே கையெழுத்து வைத்துவிட்டாராம். சம்பளம் கொஞ்சம் கூடுதலாம். மருந்துக்கும் பல்லுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதாம், எனக்கும் சேர்த்து. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. நான் நல்லது என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், பிள்ளைகள் எழும்பிவிடுவார்கள்.

அவர் இன்னும் போனை வைக்கவில்லை. பிறகு சொன்னார்.

‘உமக்கு மாறா ஒரு யோசினை இருந்திருந்தா, அண்டைக்கு என்னை எழுப்பியிருப்பீர்தானே. அதுதான் உமக்கும் சம்மதம் எண்டு வைச்சன்.’

கோபமில்லை, குறையில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருக்கிறார். ஓம் என்றேன்.

இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு ‘நாங்கள்’ என்று எழுத என்னால் முடியவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்ன செய்வதென்று நீங்கள் கடிதம் போடுவீர்கள். பஸ்ஸில் மாதச் சலுகை இருக்கிறது, வேலை மாற்றம் கேள், ஒன்ராறியோவில் திரும்பப் படி என்று நல்ல மனதோடு எழுதுவீர்கள். எழுதுங்கள், வாசிப்பேன். அவர் கையெழுத்து வைத்தாயிற்று.

உங்களில் யாருக்காவது நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் கிடப்பவர் களைத்துப்போய்த்தான் கிடப்பார், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும்… எழுப்புங்கள்.